பி2 சான்றிதழும் பாரிஸ் பிஎச்.டி.யும்

"பிளஸ் டூவில பிரெஞ்சுல நூத்துக்கு நூறு மேடம். பி2-வும் பாஸ். பாரிஸ்ல பிரெஞ்சு இலக்கியத்துல பிஎச்.டி. சீட் வாங்கித் தர்றோம்னு ஏஜென்சில சொன்னாங்க, அட்வான்ஸ் கட்டிட்டோம்." பெண் படித்தது எம்.காம். பி2 என்பது ஏ1 முதல் சி2 வரையான ஆறு மொழித்திறன் நிலைகளில் நான்காவது, அவ்வளவுதான். இந்த ரகத்தில் இன்னொரு குடும்பம். பணத்தைக் கட்டிவிட்டுத்தான் கல்லூரி பிரெஞ்சு ஆசிரியர்களான எங்களிடம் வருகிறார்கள்!

மார்க்குக்காகப் பள்ளியில் பிரெஞ்சு எடுப்பது தப்பில்லை. ஆனால் அந்த நூறு இலக்கியத் தகுதி ஆகாது. பி2-வும் ஆகாது. பொதுவான கட்டுரையைப் படித்துப் புரிந்து, சொந்தக் கருத்தை வாதமாக எழுத வரும் என்பதற்கே அது சாட்சி. 17ஆம் நூற்றாண்டு நாடகத்தின் 12 அசை அடிகளை வாசிக்க வருமா, 16ஆம் நூற்றாண்டு உரைநடையின் எழுத்துக்கூட்டல் பிடிபடுமா என்று எந்தத் தேர்வாளரும் அதில் கேட்பதில்லை. சி1, சி2 என்றாலும் இதே கதைதான். பிரான்சில் பள்ளி முடிக்கும் முன்பே ஒரு பத்தியை வரிவரியாகப் பிரித்து விளக்கப் பழக்குகிறார்கள். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க அங்கு நடக்கும் அக்ரெகாசியோன் போட்டித் தேர்வில் ஒரே ஓர் இலக்கியக் கட்டுரை எழுத 7 மணி நேரம். நீங்கள் போட்டியிடப் போவது அவர்களோடு. நீச்சல் குளத்தில் மெடல் வாங்கியவர் கட்டுமரம் ஏறி மீன்பிடிக்கப் போகிறேன் என்றால் கடற்கரையில் சிரிப்பார்களா, மாட்டார்களா?

அடுத்து, அந்தச் 'சீட்'. அப்படி ஒன்று கிடையாது. உங்கள் தலைப்பை ஏற்கும் பேராசிரியரை முதலில் நீங்களே தேட வேண்டும்; கடிதம் பிரெஞ்சில், உங்கள் நடையில். ஏஜென்சி எழுதித் தரும் கடிதம் முதல் பத்தியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். தெஸ்.எஃப்ஆர் (theses.fr) தளத்தில் பிரான்சின் 1985 முதலான ஆய்வேடுகளின் பட்டியல் இலவசமாகக் கிடக்கிறது. 'அபத்தவாதம்' மாதிரி தேய்ந்த தலைப்போடு பேராசிரியருக்கு மின்னஞ்சல் தட்டுமுன் அதைப் பாருங்கள், புண்ணியமாகப் போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2019இல் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் உயர்ந்தது. முதுகலைக்கு ஆண்டுக்கு 3,770 யூரோ என்று தொடங்கியது. முனைவர் பட்டத்துக்கு அந்த உயர்வு இல்லை. அதற்கு லட்சக்கணக்கில் கல்விக் கட்டணம் என்று யாராவது சொன்னால் ரசீது கேளுங்கள். சம்பளத்தோடு வரும் ஆய்வு ஒப்பந்தம் 3 ஆண்டு. இலக்கியத்தில் அது கிடைப்பவர் சிலரே.

பட்டம் வாங்கியதும் வேலை வந்துவிடாது. பிரான்சின் தேசியப் பல்கலைக்கழகக் குழுவின் 9ஆம் பிரிவு, அதாவது பிரெஞ்சு இலக்கியம், உங்களைத் தகுதியானவர் என்று ஏற்க வேண்டும். பிறகுதான் மேத்ர் த கோன்ஃபெரான்ஸ், அதாவது பேராசிரியருக்கு அடுத்த நிலையிலுள்ள நிரந்தரப் பல்கலைக்கழக ஆசிரியர் பதவிக்குப் போட்டி. ஆண்டுக்கு 192 மணி வகுப்பு. பேராசிரியராக, ஆய்வை வழிநடத்தும் தகுதிக்கு இன்னொரு ஆய்வேடு. நல்ல செய்தி, இந்தப் பதவிகளுக்கு எந்த நாட்டவரும் போட்டியிடலாம். அக்ரெகாசியோனுக்கு அப்படியில்லை, ஐரோப்பியக் குடியுரிமை வேண்டும். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தடையும் இல்லை.

இன்னொன்று. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வாசலில் போய் பிரெஞ்சு இலக்கியம் கேட்காதீர்கள். அங்கே இந்தியவியல், சூழலியல், சமூக அறிவியல்.

ஆசை நிஜமென்றால் முதலில் பிரெஞ்சு எம்.ஏ. சேருங்கள்: புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் (இஃப்லு), டெல்லி ஜே.என்.யூ. என்று வழி இருக்கிறது. இந்தியக் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு பிரெஞ்சிலும் உண்டு. திரும்பி வந்தாலும் வேலை நாளில் பாதி வினைச்சொற்கள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும் வினைத்திரிபு நடத்துவதில்தான் போகும் (எனக்கு இன்றும் அப்படித்தான்), அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள். பெற்றோரே, கையெழுத்துப் போடுமுன் ஒரு கல்லூரி பிரெஞ்சு ஆசிரியரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். நாங்கள் ஃபீஸ் கேட்பதில்லை.