வகிர்வு: ‘பார்ட்டிஷன்’ என்பதற்கு ஏற்ற தமிழ்

பினாங்கில் தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் அக்கா மகன், பழைய கணினி ஒன்றில் விண்டோஸ், உபுண்டு என்ற இரண்டு இயங்குதளங்களையும் சேர்த்தே வைத்திருந்தான். ஒருநாள் விண்டோஸில் இருந்தபடி ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டைப் பார்க்கும் ஒரு கருவியைத் திறந்திருக்கிறான். அதன் தமிழ்ப் பட்டியலில் ‘பகிர்வை நீக்கு’ என்று இருந்தது. தங்கச்சியின் கணினியோடு கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதைத்தான் நிறுத்தக் கேட்கிறது என்று நினைத்துச் சொடுக்கிவிட்டான். அடுத்த முறை கணினியைப் போட்டால் கறுப்புத் திரை. ‘நோ சச் பார்ட்டிஷன்’ என்று ஒரு வரி, கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’.

“மாமா, தைப்பூசப் படமெல்லாம் போச்சு” என்று போனிலேயே அழுதுவிட்டான்.

வட்டை எல்லை போட்டுத் தனித்தனிப் பாகமாக வைப்பார்கள். அப்படி ஒரு பாகம்தான் பார்ட்டிஷன். அந்தப் பட்டியல் ‘பகிர்வு’ என்றது இதைத்தான். பார்ட்டிஷன் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘பார்ஸ்’ என்றால் பாகம். அதிலிருந்து பிறந்த வினைக்குப் பிரித்தல், பங்கிடுதல் இரண்டும் பொருள். அதைப் பார்த்துப் ‘பகிர்வு’ என்று தமிழாக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. பகு, பங்கு, பகுதி, பகிர் எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் இன்று படத்தையும் செய்தியையும் நாம் நாள் முழுக்கப் ‘பகிர்’கிறோம். ஒரே திரையில் ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் யாரோ ஒருவரின் கோப்புகள் போகும். ‘பிரிவினை’ என்றால் சொத்துத் தகராறும் நாட்டுப் பிரிவினையும் நினைவுக்கு வருகின்றன. ‘தடுப்பு’ என்றால் கடைவீட்டு மாடியில் அறை அறையாக அடித்த பலகை.

நான் எழுதுவது ‘வகிர்வு’. வகிர் என்ற வினை புதிதாகச் செய்ததன்று. கீறிப் பிளப்பது, நீளவாக்கில் துண்டாக்குவது, தலைமயிரை இரண்டாகப் பிரிப்பது எல்லாமே வகிர்தல்தான். மாவடு வகிர் போன்ற கண் என்பது பழம்பாடல் உவமை. வகிடும் இதற்கு உறவு.

அந்த வகிடுதான் எனக்கு இந்தச் சொல்லை உறுதியாக்கியது. அம்மா சீப்பின் முனையால் வகிடு எடுக்கும்போது ஒரு மயிரும் அறுபடுவதில்லை. ஒரு கோடு மட்டும் விழுகிறது. வட்டிலும் அப்படித்தான். பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் 64 பைட்டில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். வரிக்கு 16 பைட்டாக நாலே வரி. இந்த வகிர்வு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்பதுதான் ஒவ்வொரு வரியிலும். புதிய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 வரிக்கு இடமுண்டு. அட்டவணையில் வரியை அழித்தால் கோடுதான் கலைகிறது. மேலே வேறு எதுவும் எழுதாதவரை உள்ளே இருப்பவை அப்படியே கிடக்கும்.

அப்புறம் ஏன் கணினி எழவில்லை? கணினியைப் போட்டதும் இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். அதே 512 பைட்டில் 446 பைட்டு, பூட்லோடரின் முதல் துண்டுக்கு. அவன் கணினியில் இருந்த பூட்லோடர் கிரப். அந்தச் சின்ன இடத்தில் முழு நிரலும் அடங்காது. மீதிக் கோப்புகள் உபுண்டுவின் வகிர்வில் இருந்தன. அவற்றைத் தேடிப் போன கிரப், அப்படியொரு வகிர்வே இல்லை என்று நின்றுவிட்டது. ‘பூட்’ என்பது ‘பூட்ஸ்ட்ராப்’ என்பதன் சுருக்கம்: காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது. அந்தக் காலணியைத் தமிழில் மாட்ட வேண்டியதில்லை, ‘தொடக்க ஏற்றி’ போதும். துவக்கு என்று எழுதினால் எனக்குத் துப்பாக்கி ஞாபகம் வந்துவிடும்.

எதையும் மறுபடி நிறுவாதே என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பென்டிரைவோடு போனேன். தொலைந்த வகிர்வைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க் என்ற நிரல் வட்டைத் துழாவிப் பழைய எல்லையைக் கண்டுபிடித்தது. அட்டவணையில் அந்த வரியைத் திரும்ப எழுதச் சொன்னேன். அடுத்த முறை கிரப் பட்டியல் வந்தது. உபுண்டுவைத் தேர்ந்தெடுத்து, முதல் வேலையாகக் காவடிப் படங்களை வெளி வட்டுக்கு நகல் எடுத்தான்.