மேங்கி என்றால் குரங்கு அல்ல: பிரிட்டன் வார்டுக்குப் போகும் செவிலியர்களுக்கு

ஐஇஎல்டிஎஸ், ஓஇடி ஆங்கிலத் திறன் தேர்வுகளுக்கு மாதக்கணக்கில் படித்துத் தேறியவர்களையும் தடுமாற வைக்கும் ஆங்கிலம் ஒன்று பிரிட்டன் வார்டுகளில் உண்டு. அருவருப்பைச் சொல்லும் சொற்களும் அன்றாடத் திட்டுகளும்தான் அவை. இவற்றைப் பேசப் பழக வேண்டாம். ஆனால் காதில் விழுந்தால் பொருள் தெரிந்தே ஆக வேண்டும்.

காலில் கட்டுப் போட்ட முதியவர் விரலைக் காட்டி "மேங்கி" ஆகிவிட்டது என்கிறார். நம் காதுக்கு அது "மங்கி" என்றே கேட்கிறது. தன்னைத்தான் குரங்கு என்கிறாரோ என்று செவிலியர் முகம் வாடிவிடுகிறார். அவர் சொன்னதோ, விரல் அழுக்கேறி நாறுகிறது என்பதை. அது நோய்க்குறி. நிறம் மாறியதா, சீழ் வடிகிறதா, வாடை எப்போதிலிருந்து வருகிறது என்று உடனே கேளுங்கள். குறிப்பேட்டில் அவர் சொன்ன சொல்லை மேற்கோள் குறிக்குள் எழுதி, அடுத்த வரியில் நீங்கள் கண்ட வீக்கம், கசிவின் நிறம், அளவு, உடல் வெப்பம் ஆகியவற்றை எழுதுங்கள். "மேங்கி" என்று மட்டும் எழுதி வைத்தால் அடுத்த ஷிஃப்டுக்கு வருபவருக்கு ஒன்றும் விளங்காது.

"மிங்ஙிங்" என்பதும் அருவருப்பைத்தான் குறிக்கும். "அங்ஙனம்" என்பதில் வரும் ஒலியை நினைத்துக்கொண்டால் காதில் பிடிபடும். சாப்பாட்டை அப்படிச் சொன்னால் வெறும் குறை. ஆளை "மிங்ஙர்" என்றால் அவலட்சணம் என்று பழிப்பது. "பாங்" என்றால் நாற்றம். "போகி" என்றால் மூக்கில் காய்ந்த சளி.

ஆபத்து அதிகம் இருப்பது நமக்குத் தெரியும் என்று நினைக்கும் சொற்களில்தான். "சிக்" என்றால் நாம் உடம்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்வோம். அங்கே "ஐ ஹேவ் பீன் சிக்" என்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்தேன் என்று பொருள். எத்தனை முறை, என்ன நிறம், ரத்தம் இருந்ததா என்று கேட்க வேண்டும். உடம்பு சரியில்லை என்பதற்கு "பூர்லி" என்பார்கள். "தி ரன்ஸ்", "தி ட்ராட்ஸ்" இரண்டும் வயிற்றுப்போக்கு. தலையில் அடிபட்டு வந்தவர் விழுந்தபோது "பிஸ்ட்" ஆக இருந்ததாகச் சொன்னால் கோபத்தில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். குடித்திருந்தார் என்பதே பொருள். "பேண்ட்ஸ்" என்பது உள்ளாடை. கால்சட்டையை மட்டும் கழற்றச் சொல்ல வேண்டுமானால் "ட்ரவுசர்ஸ்" என்று சொல்லுங்கள்.

திட்டுகளில் எடை பார்க்க வேண்டும். "மப்பெட்", "வாலி", "ப்ளாங்கர்", ஸ்காட்லாந்தில் அதிகம் கேட்கும் "நம்ப்டி" எல்லாம் நம் "அசடு" மாதிரி. மூக்குக் கண்ணாடியை மறந்தவர் தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்வார். ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் "கிட்" (வெறுப்பூட்டும் ஆள்), "மிங்ஙர்" மிதமான சொற்கள். பிறப்புறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொற்களான "பெல்எண்ட்", "ட்வாட்" கடுமையானவை. மிதமானதுதானே என்று நீங்கள் நோயாளியிடம் சொல்லிவிடக் கூடாது. அவர் தன்னைச் சொல்லிக்கொண்டால் வேடிக்கை. சீருடையில் இருப்பவர் சொன்னால் அவமதிப்பு, புகாரும் வரும்.

செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் வரும் தசை இயக்கக் குறைபாடு) உள்ளவரைக் குறித்து வந்த "ஸ்பாஸ்டிக்" என்ற சொல்லில் தனிக் கவனம் தேவை. நம் ஊரில் அமைப்புகளின் பெயரில்கூட இன்றும் இருக்கிறது. பிரிட்டனில் அது பள்ளிப் பிள்ளைகள் வாயில் கொடிய வசையாக மாறியது. அந்தப் பெயரைத் தாங்கிய தொண்டு நிறுவனமே 1994-இல் "ஸ்கோப்" என்று பெயர் மாற்றிக்கொண்டது. தசை இறுக்கத்தை மருத்துவக் குறிப்பில் "ஸ்பாஸ்டிசிட்டி" என்று எழுதலாம். ஆளைக் குறிக்க "செரிப்ரல் பால்சி உள்ளவர்" என்றே சொல்லுங்கள்.

ஜிப்சி, ஐரிஷ் டிராவலர் எனப்படும் நாடோடி மரபு மக்களை இழித்துச் சொல்லும் "பைக்கி", தெற்காசியர் எவரையும் நோக்கி வீசப்படும் "பாக்கி" இரண்டும் இன வசைகள். "நான் பாகிஸ்தானி இல்லை, இந்தியர்" என்று திருத்தப் போகாதீர்கள். சொன்னவர் ஊர் விசாரிக்கவில்லை. புது இடம், விசா கவலை என்று பலர் விழுங்கிக்கொள்கிறார்கள். விழுங்க வேண்டியதில்லை. பணியிடத்தில் இனத்தின் பெயரால் துன்புறுத்துவது 2010 சமத்துவச் சட்டப்படி சட்டமீறல். சொன்ன சொல்லை அப்படியே, மழுப்பாமல், நேரம், இடம், உடனிருந்தவர் பெயருடன் அன்றைக்கே எழுதி, வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லி, சம்பவப் படிவத்தையும் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். நோயாளிகளின் பெயர் விவரம் மட்டும் அதில் வேண்டாம்.