பல்லுக்கு ஐந்து பக்கம், நீங்கள் பார்ப்பது ஒன்று

"கண்ணாடியில பார்த்தேன் டாக்டர், ஓட்டையே இல்ல. வலி மட்டும் எப்படி வரும்?" இதைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் போவதில்லை. சமீபத்தில் வந்தவர் ஒருபடி மேலே போய், மொபைல் டார்ச் அடித்து எடுத்த போட்டோவையே நீட்டினார். அதில் கடைவாய்ப் பல்லின் கன்னத்துப் பக்கம் பளிச்சென்றுதான் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தால், அதே பல் பின்னால் உள்ள பல்லோடு ஒட்டுகிற இடத்தில் சொத்தை நரம்புவரை போயிருந்தது. வேர் சிகிச்சை, கேப் என்று செலவைச் சொன்னதும், ஏதோ நான் புதிதாக ஓட்டை போட்டதுபோல் பார்த்தார்.

சரி, ஒரு முறை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து பக்கம். மெல்லும் பக்கம் ஆக்லூசல். கன்னத்தை ஒட்டியது பக்கல். நாக்கைத் தொடுவது லிங்குவல், மேல்தாடையில் அதுவே பேலட்டல். பக்கத்துப் பற்களோடு ஒட்டும் இரண்டில், வாயின் நடுக்கோட்டைப் பார்ப்பது மீசியல், பின்னோக்கி இருப்பது டிஸ்டல். முன்பல்லில் மெல்லும் பரப்பு கிடையாது, கடிக்கும் விளிம்புதான். உதட்டுப் பக்கத்துக்கு லேபியல் என்று பெயர்.

உங்கள் சீட்டில் '36 டிஓ' என்று எழுதியிருந்தால், இடது கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப் பல்லில் டிஸ்டல், ஆக்லூசல் இரண்டு பக்கமும் சேர்த்து அடைக்க வேண்டும் என்று அர்த்தம். "மொத்தமே 32 பல்லுதானே, 36 எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதற்கு, இரண்டாவது நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதற்கு. பால் பற்களுக்கு அந்த முதல் இலக்கம் 5 முதல் 8 வரை இருக்கும்.

மீசியலிலும் டிஸ்டலிலும் பிரஷ் நுழையாது, எந்த விலை பிரஷ்ஷானாலும் சரி. அதற்கு ஃப்ளாஸ் நூல், இடைவெளி பெரிதாக இருந்தால் குட்டி இடைப் பிரஷ். ஊக்கு, துடைப்பக் குச்சி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம். ஈறில் குத்திக்கொண்டு சீழோடு வந்தவர்களைப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது, என்னை மிகவும் சோதிக்கும் நம்பிக்கை: "க்ளீன் பண்ணா பல்லு ஆடும், இடைவெளி வரும்." கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்தை நுனி நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக ஒரு மேடு தட்டுப்படுகிறதா? அது பல் இல்லை, காறை. நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து பல்லில் ஒட்டிய அழுக்கில் படிந்து, போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் பிடிப்பதுபோல இறுகிவிடும். மேல் கடைவாய்ப் பல்லின் கன்னத்துப் பக்கத்திலும் அதே கதை, அங்கே இன்னொரு சுரப்பி திறக்கிறது.

இந்தக் காறை வருடக்கணக்கில் பல்லிடுக்கை அடைத்துக்கொண்டே ஈறை வீங்க வைக்கிறது, உள்ளே எலும்பையும் கரைய விடுகிறது. நாங்கள் அதை எடுத்ததும் அடைந்திருந்த இடம் திறக்கிறது, வீங்கிய ஈறு வற்றுகிறது, நாக்குக்குச் சந்து தெரிகிறது. உடனே "பல்லுல ஒரு துண்டை எடுத்துட்டீங்க" என்கிறார்கள். பல்லை ஆட வைத்தது காறை. எடுத்த எங்களுக்குக் கெட்ட பெயர். க்ளீன் பண்ணும் கருவி அதிர்ந்து காறையை உதிர்க்கிறது, பல்லைச் சீவுவதில்லை. சில நாள் கூச்சம் இருக்கலாம், அடங்கிவிடும்.

பல்லின் பக்கங்கள் வேறு கதைகளும் சொல்லும். மேல் முன்பற்களின் அண்ணத்துப் பக்கம் மட்டும் வழவழவென்று கரைந்திருந்தால், நான் முதலில் நெஞ்செரிச்சலைப் பற்றித்தான் விசாரிப்பேன். வலது கையால் அழுத்தித் தேய்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கக் கோரைப் பல்லிலும் அதன் பக்கத்துப் பற்களிலும் ஈறோரமாகப் பள்ளம் விழுந்திருக்கும். கரித்தூளும் செங்கல்பொடியும் அந்த வேலையைச் சீக்கிரமே முடித்துக் கொடுக்கும். மென்மையான பிரஷ் போதும். பல்லைத் தேயுங்கள், சுரண்டாதீர்கள்.

அம்மா அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதன் மீசியல் பக்கம் உரசிக்கொண்டிருப்பது கடைசிப் பால் பல்லின் டிஸ்டல் பக்கத்தில். "பால் பல்லுதானே, விழுந்துடும்" என்று அந்தச் சொத்தையை விட்டால், பால் பல் விழப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். அதற்குள் சொத்தை புதுப் பல்லுக்கும் வந்துவிடும். தயவுசெய்து முன்பே கூட்டி வாருங்கள்.

அப்புறம், வெளிநாட்டு ரிப்போர்ட்டோடு வருபவர்கள் கவனியுங்கள். அமெரிக்காவில் பற்களை 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுகிறார்கள். நம் கணக்கில் 18 என்பது வலது மேல் ஞானப் பல். அவர்கள் கணக்கில் 18 என்பது இடது கீழ் இரண்டாவது பெரிய கடைவாய்ப் பல். எக்ஸ்ரேயிலோ உங்கள் வலது, பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும். வாட்ஸ்அப்பில் வெறும் எண்ணை அனுப்பிவிட்டு "இதைப் பிடுங்கிடலாமா டாக்டர்?" என்று கேட்காதீர்கள். பல் எடுப்பதற்கு முன் கண்ணாடியைக் கையில் வாங்கி, எந்தப் பல் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஊசி போடுவதற்கு முன்பே கேளுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.