பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்த பெண்ணும் தெருப் பேச்சும்: சட்டம் என்ன சொல்கிறது?

தண்ணி லாரி வரும் நேரம்தான் தெருவுக்குச் செய்தி நேரம். "மேனேஜர் மேல கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காளாம். வக்கீலுக்கே லட்சக்கணக்குல போயிருக்கும். கடைசியில ஒரு தொகைய வாங்கிட்டு அமுக்கிடுவாங்க, பாரு." சொன்னவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். வரிசையில் பின்னால் நிற்பது அந்தப் பெண்ணின் அம்மா.

இந்தப் பேச்சில் பாதி சட்டப்படியே தப்பு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம், வீட்டு வேலை, அல்லது முதலாளி மீதே புகார் என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

சரி, வக்கீல் செலவு? குழு விசாரணைக்கு இரு தரப்பும் வக்கீலைக் கூட்டிவரவே விதி அனுமதிக்கவில்லை. பிறகு மேல்முறையீடு, கோர்ட் என்று போனாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

அப்புறம் அந்த 'தொகை'. சமரசம் என்பது அந்தப் பெண்ணே கேட்டால்தான். அதிலும் பணத்தை அடிப்படையாக வைத்துப் பேசி முடிக்கக் கூடாது. குற்றம் உறுதியானபின் அதைச் செய்தவரின் சம்பளத்தில் பிடித்துத் தரச் சொல்லும் இழப்பீடு வேறு விஷயம். அது சட்டம் கொடுப்பது, கமுக்கமாக வாங்குவதல்ல.

"நிரூபிக்க முடியலைன்னா இவளுக்குத்தான் தண்டனை" என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாது. வேண்டுமென்றே பொய் சொன்னது விசாரணையில் தெரிந்தால்தான்.

பெரிய விஷயம் ரகசியம். புகாரில் உள்ளது, அந்தப் பெண், எதிர்த்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் பெயர், முகவரி, விசாரணை விவரம் எதையும் எந்த வழியிலும் வெளியிடக் கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. ஆனால் தண்டனைப் பிரிவு பிடிப்பது புகாரைக் கையாளும் பொறுப்பில் இருப்பவரைத்தான். குழு உறுப்பினர் டீக்கடையில் உளறினால் பணி விதிப்படி நடவடிக்கை. அப்படி விதி இல்லாத இடத்தில் 5,000 ரூபாய் அபராதம். தண்ணி லாரி வரிசைக்கு அது எட்டாது, அதுதான் இதில் ஓட்டை. அதனால் கடிதம் வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் குழுவிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். கதவு பூட்டியிருந்தால் கவர் பக்கத்து வீட்டில்தான் போய் உட்காரும்.

இந்தச் சட்டத்துக்கு வழிபோட்டது ராஜஸ்தானின் பன்வாரி தேவி வழக்கு. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனது அவருடைய வேலை. 1992-இல் அதற்காகவே அவருக்கு நடந்த கூட்டுப் பாலியல் கொடுமைக்கு நியாயம் கேட்டபோது ஊரே அவர் குடும்பத்தை ஒதுக்கிவைத்தது. அந்த வழக்கை ஒட்டித்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க விசாகா நெறிமுறைகளைத் தந்தது.

புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்; தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். ஆறு பிரதி கேட்பார்கள். ஜெராக்ஸை மட்டும் தெருமுனைக் கடையில் எடுக்காதீர்கள், இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் எடுங்கள்.