உசாத்துணை: ‘லைஃப் கோச்’சுக்கு நம்மிடம் இருக்கும் சொல்

பாளையங்கோட்டையில் நான் தினமும் கடந்துபோகும் ஒரு மாடிப்படி ஓரத்தில் பலகை தொங்குகிறது: ‘வாழ்க்கை பயிற்சியாளர்’. நடுவில் இருக்க வேண்டிய ‘ப்’ விழுந்துவிட்டது. அது போகட்டும், பலகை எழுதுகிறவர்களோடு ஒற்றுக்காகச் சண்டை போடுவதை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது. ‘லைஃப் கோச்’சுக்குத் தமிழ் என்று வைத்த அந்தச் சொல்தான் உறுத்துகிறது. கல்லூரி அழைப்பிதழில் அதே சொல். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் தன் மகளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதும் அதே சொல். பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் அக்கா மகன் வந்து புலம்பியதோடு பொறுமை தீர்ந்தது.

அவனுக்குச் சென்னையில் கணினி வேலை. அதை விட்டுவிட்டு வந்து டவுனில் அப்பாவின் பாத்திரக்கடையை எடுத்து நடத்துவதா, வேண்டாமா என்று ஒரு வருடமாகக் குழப்பம். யாரோ சொல்லி ஒரு லைஃப் கோச்சிடம் சேர்ந்திருக்கிறான்.

“மாமா, ஆறு வாரமாப் போறேன். அவிய ஒண்ணுமே சொல்லித்தர மாட்டேங்காவ. கேள்வியாக் கேக்காவ. துட்டையும் குடுத்துட்டு நாந்தான் வாய் வலிக்கப் பேசிட்டு வாரேன்.”

என்ன கேட்டார் என்று விசாரித்தேன். கடையை எடுத்தால் ஐந்து வருடம் கழித்து உன் ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும், இப்போது உன் கையில் என்ன இருக்கிறது, அப்பாவிடம் இதுவரை சொல்லாமல் வைத்திருப்பது எது, அடுத்த வாரத்துக்குள் எதைச் செய்து பார்ப்பாய். இப்படிப் போயிருக்கிறது. அந்த மனிதர் தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். பயிற்சியாளர் என்று எழுதியிருந்ததால் இவன் பயிற்சியை எதிர்பார்த்துப் போயிருக்கிறான்.

‘கோச்’ என்ற சொல்லின் வேரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டி பேர்போனது. நம் பத்தமடைப் பாய் மாதிரி ஊர்ப்பெயர் பொருளின் மேல் ஏறி, கடைசியில் ஊர்ப்பெயரே வண்டிக்குப் பெயராகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரைக் ‘கோச்’ என்று கேலியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். வண்டி மாதிரி ஏற்றிக்கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறாராம். 1860கள் வாக்கில் அது விளையாட்டுக்குப் போனது. தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு கோச்சிங் சென்டர் இருப்பது பொருத்தம்தான்.

இப்போதைய பொருள் ரொம்பப் பிந்தியது. 1974இல் திமதி கால்வே என்ற டென்னிஸ் ஆசிரியர், வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவனைவிட ஆடுபவனின் தலைக்குள் இருப்பவன்தான் பெரிய எதிரி என்று எழுதினார். அந்த வழியில் வந்த ஜான் விட்மோர் என்ற கார்ப் பந்தய வீரர், 1992இல் வந்த தம் நூலால் நான்கு படிக் கேள்வி முறையைப் பரப்பினார். புதுப் பேருந்து நிலையத்தில் நின்றால் அந்த நான்கும் காதில் விழும்: எங்கே போகணும், இப்ப எங்கே நிக்கோம், எந்தெந்த வழியாப் போகலாம், எப்பக் கிளம்பப் போறோம். 1995இல் தாமஸ் லியனார்டு என்ற அமெரிக்கர் இந்தத் தொழிலுக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். அதன் சுருக்கப் பெயர் ஐ.சி.எஃப். நம் ஊர்க்காரர்களுக்கு ஐ.சி.எஃப். என்றால் 1955இல் திறந்த பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. அங்கேயும் கோச்தான் செய்கிறார்கள். அது வேறு கோச்.

இனி ‘பயிற்சியாளர்’. பயில் என்பது தன்வினை, பயிற்று என்பது பிறவினை. பயில்பவர் மாணவர், பயிற்றுபவர் ஆசிரியர். இதில் குழப்பமே இல்லை. பயிற்சியாளர் என்று ‘ஆளர்’ போட்டதும் குழப்பம் தொடங்குகிறது. ஆளர் என்றால் உடையவர். பயிற்சி உடையவர் யார், கொடுக்கிறவரா, எடுக்கிறவரா? ஒரு பயிலரங்கில் ‘பயிற்சியாளர்கள் கையொப்பம்’ என்று ஒரு தாள் வைத்திருந்தார்கள். வகுப்பு எடுக்க வந்தவரும் போட்டார், கேட்க வந்த நாற்பது பேரும் போட்டோம். வாகன உரிமத்தில் ‘பழகுநர்’, ‘ஓட்டுநர்’ என்று எவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்கிறார்கள்! அந்தச் சொற்களை அமைத்தவருக்கு இருந்த காது இவர்களுக்கு இல்லை.

சரி, வழக்கில் ஊன்றிவிட்டது, கபடிப் பயிற்சியாளர் என்றால் யாரென்று எல்லோருக்கும் தெரியும் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். கபடிப் பயிற்சியாளர் கபடி ஆடியவர். கால் எங்கே வைக்க வேண்டும், மூச்சை எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தருவார். வைக்காவிட்டால் மண்டையில் தட்டுவார். அந்தச் சொல்லைத் தூக்கி வாழ்க்கைக்கு முன்னால் ஒட்டினால் என்ன பொருள் வருகிறது? வாழ்க்கையை ஆடி முடித்து ஓய்வுபெற்று வந்தவர், இனி எனக்குச் சொல்லித்தருவார் என்றுதானே? லைஃப் கோச் அப்படி எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. பாத்திரக்கடை வியாபாரம் அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. தெரிந்தாலும் யோசனை சொல்வதை முடிந்தமட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் பழக்கம். முடிவு வந்தவருடையது, கேள்வி இவருடையது.

எனக்கு நெருங்கிய தமிழ் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தூய தமிழில் பிடிவாதம் உள்ளவர், இலக்கணத்தில் என்னை எப்போதும் மடக்கிவிடுவார். “பயிற்சியாளர் வேண்டாம்னா வேண்டாம். ஆற்றுப்படுத்துநர்னு போடும்வே. சங்க காலத்துச் சொல்லு” என்றார். இரண்டு சாயங்காலம் இதிலேயே போனது.

ஆற்றுப்படுத்துதல் அழகான சொல்தான். ஆறு என்றால் வழி. வழியில் சேர்ப்பது ஆற்றுப்படுத்துவது. ஆனால் பழைய ஆற்றுப்படையில் நடப்பது என்ன? ஒரு வள்ளலிடம் போய்ப் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனைப் பார்க்கிறான். இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இன்னது சாப்பிடக் கிடைக்கும், கடைசியில் இன்ன அரசனைப் பார் என்கிறான். ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்று தொல்காப்பியமே வரையறை சொல்லிவிட்டது. பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்வது. போகும் ஊரும் சொன்னவனுடையது, வழியும் சொன்னவனுடையது. இது மென்டார் வேலை. அதற்கு வழிகாட்டி என்ற சொல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. கல்வியியல் பாடத்தில் ஆற்றுப்படுத்துதலை ஏற்கெனவே கவுன்சிலிங்குக்குக் கொடுத்தும் வைத்திருக்கிறார்கள். ஒரே சொல்லை எத்தனை பேர் சுமப்பது?

போதாக்குறைக்குக் காது. இந்தக் காலத்துக் காதுக்கு ஆற்றுவது காப்பியை, இல்லையென்றால் புண்ணை. வருத்தத்தில் இருப்பவர் ஆறுதல் தேடித்தான் அங்கே போவார். எங்கள் பக்கத்திலோ ஆறு என்றால் ஒரே ஆறுதான், தாமிரபரணி. ஆற்றுப்படுத்துநர் என்று பலகை வைத்தால், குளிக்கக் குறுக்குத்துறைக்கு எப்படிப் போகணும் என்று கேட்டு நாலு பேர் மாடி ஏறுவார்கள். இதைச் சொன்னதும் ஆசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது.

எனக்குக் கிடைத்த சொல்லும் அவருடைய தொல்காப்பியத்தில்தான் இருக்கிறது: உசாத்துணை. உரியியலில் ‘உசாவே சூழ்ச்சி’ என்று ஒரு நூற்பா. அங்கே சூழ்ச்சிக்குச் சதி என்று பொருளில்லை, ஆராய்ந்து பார்த்தல். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று குறள் தொடங்குவதும் அந்தப் பொருளில்தான். ஆராய்ச்சியின் முடிவு ஒரு முடிவுக்கு வருவது. வந்தபின் தள்ளிப்போடுவது தீது. விட்மோரின் நான்காவது கேள்வி இதுதானே? உசாவுதல் என்றால் கேட்டல், கலந்து ஆராய்தல். களவியலில் தோழியைப் பற்றிச் சொல்லும்போது ‘சூழ்தலும் உசாத்துணை நிலைமையின் பொலிமே’ என்கிறார் தொல்காப்பியர். தலைவிக்குப் பதிலாகத் தோழி காதலிப்பதில்லை. தலைவியின் மனதில் கிடப்பதைக் கேள்வி கேட்டும் சீண்டியும் வெளியே எடுத்து, கூட இருந்து ஆராய்கிறாள். இரண்டாயிரம் வருடமாக நம்மிடம் இந்த வேலைக்கு ஆளும் இருந்திருக்கிறாள், பெயரும் இருந்திருக்கிறது.

ஆசிரியர் விடவில்லை. இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைக்கு அடியில் நூற்பட்டியலுக்கு ‘உசாத்துணை’ என்றுதானே போடுகிறார்கள் என்றார். போடுகிறார்கள். ஈழத்து வழக்கிலும் அப்படி உண்டு. நூலையும் உசாவலாம், ஆளையும் உசாவலாம்; இடத்தை வைத்துப் பொருள் தெரியும். வேண்டுமானால் ஆளுக்கு ‘உசாத்துணையர்’ என்று ஒரு ‘அர்’ சேர்த்துக்கொள்ளலாம்.

‘துணை’ என்ற பகுதி எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், அது தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று இங்கே தொழில் நடத்த, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். லைஃப் கோச்சுக்கு அப்படி ஒரு பதிவேடு இந்தியாவில் இல்லை. மேலே சொன்ன கூட்டமைப்பு 100 மணி நேரம், 500, 2500 என்று அனுபவத்தை எண்ணி மூன்று நிலையில் சான்று கொடுக்கிறது. விருப்பமிருந்தால் வாங்கலாம், வாங்காமலும் பலகை மாட்டலாம். தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாமா என்று நினைக்கிற ஒருவர் அந்த மாடிப்படியில் ஏறக் கூடாது. அவர் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். நல்ல கோச்சும் அதைத்தான் சொல்லி அனுப்புவார். ‘வாழ்க்கைப் பயிற்சியாளர்’ என்ற சொல்லில் எல்லாவற்றுக்கும் இங்கே மருந்து உண்டு என்ற தொனி வருகிறது. ‘வாழ்வியல் குரு’ என்று போடுகிறவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

இதெல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் வேலை. அகராதியைத் திறந்து முதல் வரியில் இருப்பதை எடுத்துவிடுகிறார்கள், இரண்டாம் வரிக்குப் போகப் பொறுமை இல்லை. அக்கா மகன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத் தாளையும் வாங்கிப் பார்த்தேன். அதில் அவன் பெயர் ‘வாடிக்கையாளர்’. வாடிக்கையாக வருகிறவர்தான் வாடிக்கையாளர், பால்காரருக்கும் சலூனுக்கும் சரி. இவரிடம் ஒருவர் வருடக்கணக்கில் வாடிக்கையாக வந்துகொண்டிருந்தால் வேலை நடக்கவில்லை என்றல்லவா அர்த்தம்? ‘உசாவுநர்’ என்று போட்டிருக்கலாம், நடக்கும் பேச்சை ‘உசாவல்’ என்று சொல்லியிருக்கலாம்.

அவனோடு ஒரு நாள் நானும் மாடி ஏறி, அந்தக் கோச்சிடமே இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பலகையை மாற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. “அந்தச் சொல் மாறினா உங்களுக்கு என்ன கிடைக்கும் அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அது அக்கா மகன் துட்டுக் கட்டிய நேரம்.