நாகர்கோவில் வெக்கையில் நச்சு அம்புத் தவளை

கொலம்பியாவின் பசிபிக் கரையோரக் காட்டில் எம்பெரா பழங்குடி மக்கள் முன்பெல்லாம் பொன்னிறத் தவளையின் முதுகில் ஊதுகுழல் அம்பைத் தேய்த்துக்கொண்டு வேட்டைக்குப் போவார்கள். அந்தத் தோலிலுள்ள பேட்ராகோடாக்சின் என்ற நஞ்சு நரம்பு செல்களின் சோடியம் வாயில்களை மூடவிடாது. இதயத் துடிப்பு குலைந்து நின்றுவிடும். அதே தவளை கண்ணாடித் தொட்டியில் பிறந்து வளர்ந்தால் விஷமே இருக்காது. காட்டில் தின்னும் சிறு பூச்சிகளிலிருந்து சேர்கிற சரக்கு அது. நீல நிறம் அப்படியல்ல. இதே குடும்பத்து நீலத் தவளையின் தோலில் நீலச் சாயம் எதுவும் இல்லை; குவானின் என்ற வேதிப்பொருளின் படிகங்கள் நீல ஒளியைத் திருப்பியனுப்ப, அடியிலுள்ள கறுப்புச் செல்கள் மிச்சத்தை விழுங்குகின்றன.

நச்சு அம்புத் தவளைகள் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. வீட்டில் வளர்ப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நம்மூரில் முதல் எதிரி வெக்கை. 22 முதல் 26 டிகிரி இதமானது; 30-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் தெளித்தால் குளிரும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. 80 சதவீத ஈரப்பதமுள்ள மூடிய தொட்டியில் நீர் சரியாக ஆவியாகாது, பிறகு எப்படிக் குளிரும்? ஏசி அறைதான் வழி. கரண்ட் போனால் ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி மூடியின் மேல் வைக்கலாம்.

தரைக்குத் தென்னை நார்க்கழிவு அருமை. ஆனால் காயலில் ஊறியதில் உப்பு நிற்கும். தவளை தோல் வழியாகவே நீரை உறிஞ்சுவதால், நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலச வேண்டும். மேலே காய்ந்த நாட்டு வாதுமை இலை. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் பொறுக்காதீர்கள்; மழைக்கு முன் அங்கே தாமிர மருந்து அடிப்பார்கள்.

தீனி, இறக்கையில்லாத டுரோசோபிலா பழ ஈ. அந்த ஈயை வளர்க்கும் கலவைக்கு மசித்த மட்டி வாழைப்பழம் ஒன்று, ஓட்ஸ் தூள் மூன்று கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, ஈஸ்ட் ஒரு சிட்டிகை. இங்கேயும் வெக்கை வேலையைக் காட்டும்: 30 டிகிரியில் ஆண் ஈ மலடாகும், சில வகைகளுக்கு இறக்கையே முளைத்து வீடெங்கும் பறக்கும். கொடுக்கும்போது ஈயைக் கால்சியம் தூளில் புரட்டுங்கள். இல்லையேல் எலும்பு வளையும்.

படமெடுக்க 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், எஃப் 11, 1/200 விநாடி, ஐஎஸ்ஓ 200. லென்ஸ் கண்ணாடிக்கு நேராக ஒட்டி நிற்க வேண்டும். சாய்ந்தால் படம் மங்கும். ஏசி அறையில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். இரண்டு மணி நேரம் முன்பே தெளிப்பை நிறுத்துங்கள். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, மேல்மூடியில் டிரேசிங் தாளை விரித்து, அதன் வழியே அடியுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தோலெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். ஃபிளாஷிலும் லென்ஸிலும் போலரைசரை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) ஒன்றுக்கொன்று குறுக்காக மாட்டினால் மினுக்கம் முழுதும் போய்விடும். தவளையும் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். கொஞ்சம் மினுக்கம் இருக்கட்டும்.