பெண்கள் ஆதரவு மையத்தில் அறங்காவலராகச் சேரும் முன்: இங்கிலாந்து, வேல்ஸ் விதிகள்

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணைநிற்கும் பெண்ணிய மையங்கள் பல இங்கிலாந்தில் சேரிட்டியாக, அதாவது லாபநோக்கற்ற அறப்பணி அமைப்பாக, பதிவாகியுள்ளன. முதல் மையம் 1976இல் லண்டனில் திறந்தது. தொலைபேசியில் பேசுபவர், உளவள ஆலோசனை தருபவர், வழக்கு நடக்கும்போது கூடவே வருபவர் ஆகியோரைத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். சட்டப்படி மையத்துக்குப் பொறுப்பாளிகளோ சம்பளம் வாங்காமல் கூடி முடிவெடுக்கும் அறங்காவலர்கள். அந்தக் குழுவில் சேரச் சொல்லி உங்களைக் கேட்டால், சம்மதிக்கும் முன் கீழே உள்ளவற்றைப் படித்துவிடுங்கள். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டமும் கண்காணிப்பு அமைப்பும் வேறு.

யார் சேரலாம்? மையம் கம்பெனியாகவோ சேரிட்டிகளுக்கென்றே உள்ள சிஐஓ (CIO) என்ற சட்ட வடிவத்திலோ இருந்தால் 16 வயது போதும்; மற்ற வடிவங்களில் 18 ஆக வேண்டும். திவாலாகி இன்னும் விடுபடாதவர், மோசடி போன்ற குற்றத்துக்குத் தண்டனை பெற்று அதற்குரிய காலம் முடியாதவர் ஆகியோருக்கு இடமில்லை. 2018 ஆகஸ்ட் முதல் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் உள்ளவர்களுக்கும் தடை உண்டு. தடையை மறைத்து அறங்காவலராக இருப்பதே தனிக் குற்றம். வன்முறையை அனுபவித்து மீண்ட பெண் குழுவில் இருக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாக இருக்கலாம், பல மையங்கள் அப்படிப்பட்டவர்களைத் தேடியே அழைக்கின்றன. அதே மையத்தில் அவரோ உறவினரோ உதவி பெற்றுக்கொண்டிருந்தால் மட்டும் முன்கூட்டியே குழுவிடம் சொல்லிவிட வேண்டும். அது சம்பந்தமான முடிவுகளிலிருந்து விலகியிருக்கவும் வேண்டும்.

அறங்காவலரின் கடமைகளை, சேரிட்டிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சேரிட்டி கமிஷன் ஆறாகச் சொல்கிறது: அமைப்பின் நோக்கத்தைப் பொதுநலனுக்காக நிறைவேற்றுவது, யாப்பையும் (அமைப்பின் அடிப்படை விதிகளையும்) சட்டத்தையும் மீறாமல் நடப்பது, அமைப்பின் நலனை முன்வைத்து முடிவெடுப்பது, பணத்தையும் சொத்தையும் பொறுப்போடு கையாள்வது, அக்கறையும் திறமையும் காட்டுவது, கணக்குக் காட்டுவது. படிக்கும்போது இவை எளிதாகத்தான் இருக்கும். பணம் குறையும்போதுதான் கடினம் தெரியும்.

இந்த மையங்களில் பலவற்றின் வருமானம் குறுகியகால அரசு மானியங்களையும் அறக்கட்டளை நிதிகளையும் நம்பியிருக்கிறது. ஒரு மானியம் மார்ச்சில் முடிகிறது, அடுத்தது கிடைக்குமா என்று பிப்ரவரியிலும் தெரியவில்லை, ஆலோசனைக்கான காத்திருப்புப் பட்டியல் நீள்கிறது என்று வையுங்கள். சேமிப்பை எடுத்து ஊழியர்களைத் தக்கவைப்பதா? புதிய பெயர்களைச் சேர்ப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்துவதா? இந்த முடிவை ஊழியர்கள் தலையில் போட முடியாது. எவ்வளவு சேமிப்பு வைத்திருக்கிறோம், ஏன் அவ்வளவு என்பதை அறங்காவலர்கள் எழுதி வைத்திருக்க வேண்டும். சிறுமிகளின் ஆலோசனைக்கென்று வந்த பணத்தைக் கட்டட வாடகைக்குத் திருப்பவும் கூடாது, எவ்வளவு நெருக்கடி என்றாலும். கணக்குப் பார்க்கும் வேலையைப் பொருளாளரிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் இரக்கத்தோடு தலையாட்டும் குழுதான், என் கணிப்பில், மிக ஆபத்தானது. பொறுப்பு எல்லோருக்கும் கூட்டாகத்தான்.

அடுத்தது இரகசியம். உதவி தேடி வரும் பெண்ணின் பெயர் அறங்காவலருக்குத் தேவையே இல்லை. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு காலம் காத்திருந்தார்கள், என்ன புகார் எழுந்தது என்ற விவரங்கள் போதும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த நம் சமூகத்தில் இதை இன்னும் கறாராகப் பிடிக்க வேண்டும்: ஊரும் தொழிலும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலியல் குற்றம் பற்றி முறையிட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற பாதுகாப்பு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய ஆயுள் முழுவதும் நீடிக்கிறது, மீறினால் குற்றம். ஆலோசனைக் குறிப்புகளைக் காவல்துறை கேட்டால் ஊழியர் எப்படிப் பதில் சொல்வது என்ற விதிமுறையையும் குழு முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும்.

பெண்களுக்கு மட்டும் சேவை தரலாமா? 2010 சமத்துவச் சட்டம் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. சில வேலைகளுக்குப் பெண்களை மட்டும் எடுக்கவும் அதில் இடமுண்டு. அந்தச் சட்டத்தில் 'பெண்' என்பது பிறப்பு வழிப் பாலினத்தையே குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தங்கள் மையம் யாருக்கானது, வர முடியாதவர்களை எங்கே அனுப்புவது என்பதைச் சட்ட ஆலோசனை பெற்று எழுத்தில் தீர்மானிப்பது அறங்காவலர்களின் வேலை.

பெண்ணிய அமைப்பு என்பதால் அரசியல் பேசக் கூடாது என்றில்லை. சட்டத்தை மாற்றச் சொல்லியும் நீதிமன்றத் தாமதத்தைக் கண்டித்தும் பிரசாரம் செய்யலாம், அது நோக்கத்துக்குத் துணைசெய்யும்வரை. ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு தெரிவிக்க மட்டும் முடியாது.

உதவி பெற வந்தவருக்கு மையத்திலேயே தீங்கு நேர்ந்தாலோ, பெருந்தொகை களவு போனாலோ, தகவல் கசிந்தாலோ, பாரதூரமான சம்பவமாக சேரிட்டி கமிஷனுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பதால்தான் பெயர் அதிகம் கெடுகிறது.

சொந்தப் பணத்துக்கு ஆபத்து உண்டா? கம்பெனியிலும் சிஐஓவிலும் அமைப்பின் கடன் பொதுவாக அறங்காவலரைத் தொடாது. தனிச் சட்ட உரு இல்லாத பழைய சங்கங்களில் ஒப்பந்தங்கள் அறங்காவலர்கள் பெயரிலேயே இருக்கும். கடன் அவர்கள் மேலேயே வரலாம். எனவே மையம் எந்த வடிவம் என்பதை முதலில் கேளுங்கள். கம்பெனி என்றால் நீங்கள் இயக்குநராகவும் பதிவாவீர்கள். 2025 நவம்பர் முதல் புதிய இயக்குநர்கள் கம்பெனிகளைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸில் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும்.

போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு போன்ற நியாயமான செலவுகளைத் திருப்பிக் கேட்கலாம். அது சம்பளமாகாது, கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம். சம்மதம் சொல்லும் முன் யாப்பையும் காப்புறுதி விவரத்தையும் வாங்கிப் படியுங்கள். ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்கார அனுமதி கேளுங்கள். சேரிட்டி கமிஷனின் பொதுப் பதிவேட்டில் மையத்தின் பெயரைத் தேடினால் அறங்காவலர்கள் யார், வருமானமும் செலவும் எவ்வளவு என்பதை இலவசமாகப் பார்க்கலாம். நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் ஆண்டறிக்கை போயிருக்க வேண்டும். தாமதமானால் அதுவும் அங்கேயே தெரியும். தாமதம் இருந்தால் காரணத்தைத் தலைவியிடம் நேரடியாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.